அசையாப் புரதமும் இயக்குநரின் வலது கையும்

சிவகுருநாதனின் கல்யாணத்தை ஒரு புரதம் மறித்துக்கொண்டு நின்றது.

பெண் வீட்டில் மறுப்பு ஏதுமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் கந்தப்பு சாதகம் பார்த்தார், பொருந்தியது. பையனைப் பார்த்தார், பரவாயில்லை. இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன், குடிப்பதில்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான். ஒரே ஒரு குறைதான். அரசாங்க வேலையில் சேர்ந்துவிட்டானே தவிர இன்னும் கன்பர்ம் ஆகி நிரந்தரமாகவில்லை. கந்தப்புவைப் பொறுத்தவரை உலகத்தில் ஆண்கள் இரண்டு வகை. பென்ஷன் உள்ளவர்கள், மற்றவர்கள். மற்றவர்களோடு அவர் தேநீர் குடிப்பார், கோயிலுக்குப் போவார், பெண் கொடுக்க மாட்டார்.

“கன்பர்ம் லெட்டர் வரட்டும் தம்பி. அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சிடலாம்,” என்று அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்னார்.

பெண் குணபூசணி கிள்ளானில் பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு லெட்டர் வராவிட்டாலும் சம்மதம்தான். ஆனால் அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சிவகுருநாதன் வேலை பார்த்தது ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்த தேசியப் புரத உருவக் கழகத்தில். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாடு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் கிரேன், எங்கே பார்த்தாலும் அடிக்கல். கழகம் மட்டும் வளரவுமில்லை, தேயவுமில்லை. அதன் இயக்குநர் டாக்டர் சீவரத்தினம், நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் எதையும் தப்பாகச் செய்ததில்லை, ஏனென்றால் எதையும் செய்ததில்லை. அங்கே மூன்று மொழிகள் புழங்கின. கடிதம் மலாயில், கூட்டம் ஆங்கிலத்தில், அறைக்குள் தனியே கூப்பிட்டுத் திட்டுவது தமிழில்.

கழகத்தின் பெருமையெல்லாம் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. மயோகுளோபின் என்ற புரதத்தின் ஆளுயர மாதிரி. நம் தசைகளுக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் அது. மரக்குண்டுகளும் பித்தளைக் கம்பிகளுமாகச் சுருள் சுருளாகப் பின்னி, நடுவில் ஆக்சிஜன் உட்காருவதற்கு ஒரு குழி விட்டிருந்தது. செய்துகொடுத்தவர் மேரு என்ற ஊரில் இரும்புக் கேட் அடிக்கும் பட்டறைக்காரர். ஆகவே யானை வந்து முட்டினாலும் அசையாது. கீழே பளிங்குக் கல்லில், ‘இப்புரதத்தின் உருவம் இறுதியானது’ என்று பொறித்து, திறந்துவைத்த பெரிய மனிதரின் பெயரைப் புரதத்தின் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

வினை சிவகுருநாதனின் முதல் உரையில் ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்தவர் தம் ஆராய்ச்சியைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும் என்பது கழகத்தின் வழக்கம். கேட்பவர்கள் தூங்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். சிவகுருநாதன் புதியவன், அதனால் ஆர்வமாகப் பேசிவிட்டான்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இந்தப் புரதத்துக்கு வாசலே கிடையாது, என்றான். ஆக்சிஜன் நடுவில் போய் உட்காருகிறது என்பது நிச்சயம். ஆனால் படத்தில் போகும் வழி இல்லை, எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் எப்படிப் போகிறது? நம் ஊர் மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். புடு ராயா பஸ் நிலையத்தில் நிற்கும்போது போட்டோ எடுத்தால் ஒரு ஈ நுழைய இடமிருக்காது. அப்புறமும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்டக்டர் நாலு பேரை ஏற்றுகிறார். பஸ் குலுங்குகிறது, ஆள்கள் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சாய்கிறார்கள், கண நேரம் ஒரு சந்து கிடைக்கிறது. புரதமும் அப்படித்தான். சூட்டில் அது ஓயாமல் நடுங்குகிறது, நெளிகிறது. அந்த நெளிவில் கதவு திறந்து மூடுகிறது. அசைவதால்தான் அது வேலை செய்கிறது. போட்டோவில் தெரியும் உருவம் அது சற்றே மூச்சுப் பிடித்து நின்ற தோற்றம், அவ்வளவுதான்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். அதுவே ஒழுங்குமீறல்.

இயக்குநர் மெதுவாக எழுந்தார். “அசைகிறது என்கிறீர்கள். யாருடைய அனுமதியின் பேரில்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சிவகுருநாதன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் காலை மேசையில் ஒரு மெமோ இருந்தது. ‘தங்கள் பொறுப்பில் உள்ள புரதம் தன் நிலையிலிருந்து விலகியதாகத் தெரியவருகிறது. இதற்குத் தக்க விளக்கம் தருக.’ கையெழுத்து, தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர் சின்னையா. சின்னையா நல்ல மனிதர். தன் சொந்தத் தாயாருக்குக்கூட மேற்கண்ட பொருள் குறித்து என்று தொடங்கித்தான் கடிதம் எழுதுவார்.

சிவகுருநாதன் அதை வேடிக்கை என்று நினைக்கவில்லை, அவன் வளர்ப்பு அப்படி. உண்மையாகவே உட்கார்ந்து விளக்கம் எழுதினான். குற்றம் புரதத்தினுடையது அல்ல, வெப்பத்தினுடையது என்றான். சூடு இருக்கும் வரை எல்லா அணுக்களும் ஆடும். கடுமையாகக் குளிர வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும், ஆனால் அப்போது புரதம் வேலையும் செய்யாது என்று அடிக்கோடு இட்டுச் சொன்னான்.

விளக்கத்தைப் பரிசீலிக்க அசைவு ஒழுங்குக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர், செயலாளர் சின்னையா. குழு பாதி வாக்கியத்தை ஏற்றுக்கொண்டது. அன்று மத்தியானமே கட்டடத்தின் ஏர்கண்டிஷனைக் கடைசிப் புள்ளிவரை திருப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு கழகம் கேமரன் மலையாக மாறியது. டைப்பிஸ்ட் இராஜம்மா கையுறை போட்டுக்கொண்டு தட்டினாள். ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழுந்தன, யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் அப்படியே அனுப்பினார்கள். சின்னையா குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டார். அதில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்ததால் அவர் சீல் வைக்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியவில்லை. கழகத்தில் வேலை அடியோடு நின்றுபோனது. நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிக்கவே பல நாள் ஆகிவிட்டது.

வேலை நடந்த ஒரே இடம் பின்பக்கத்துத் தகரக் கூரையின் கீழ் கௌஸ் நடத்திய கேண்டீன். குளிர் தாங்காமல் எல்லாரும் அங்கே ஓடிவந்தார்கள். தே தாரேக் என்ற நுரைத் தேநீர்க் கிளாஸைக் கையில் பிடித்து விரலைச் சூடாக்கிக்கொண்டு, வந்த இடத்தில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் மாடி மனிதனும் முதல் மாடி மனிதனும் ஒருவரையொருவர் முதல் தடவையாகப் பார்த்தார்கள். வருஷக்கணக்காகத் தீராத ஒரு சோதனைச் சிக்கல் இரண்டு ரொட்டி சானாய் தின்று முடிப்பதற்குள் தீர்ந்தது. கௌஸ் அவர்கள் பேசியது எதையும் கவனிக்கவில்லை. அவருக்கு நாசி லெமாக் சோறு தீர்ந்துபோகிற கவலை. “உங்க ஆபீஸ்ல என்னா ஆச்சு, பொஸ்? எல்லாம் ஐஸ் பெட்டியிலேர்ந்து வந்த மீன் மாதிரி வராங்க,” என்று மட்டும் கேட்டார்.

சிவகுருநாதன் இயக்குநரின் அறைக்குப் போய், இப்படிக் குளிர வைத்தாலும் புரதத்துக்கு ஒன்றும் ஆகாது, மனிதர்கள்தான் உறைவார்கள், புரதம் உறைய இன்னும் மிக மிகக் குளிர வேண்டும், அப்படியே உறைந்தாலும் அது செயல்படாமல் போய்விடும் என்று பணிவாகச் சொன்னான்.

டாக்டர் சீவரத்தினம் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்து அவனை அன்போடு பார்த்தார். தனியறை என்பதால் தமிழ்.

“செயல்படணும்னு எந்த சர்க்குலர்ல இருக்கு, தம்பி? நம்ம கழகத்து பேரு என்ன? புரத உருவக் கழகம். புரத வேலைக் கழகமில்ல லா. என்னைப் பாருங்க. இந்த நாற்காலில உக்காந்து எத்தனை அமைச்சர் மாறிட்டாங்க. நான் அசைஞ்சேனா? அசைஞ்சிருந்தா இங்க இருப்பேனா? அதுதான் ஸ்டெபிலிட்டி.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். விழா ஒன்று வருகிறது, அமைச்சகத்திலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய அதிகாரி வருகிறார், மயோகுளோபின் அசையாது என்று கழகம் அன்றைக்கு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்போகிறது. அறிக்கையை வாசிக்கவேண்டியது சிவகுருநாதன். வாசித்த கையோடு மேடையிலேயே கன்பர்ம் லெட்டர்.

“கந்தப்பு அண்ணன் நேத்து கோயில்ல கேட்டாரு. நான் சொல்லிட்டேன், எல்லாம் பையன் கையிலதான் இருக்குன்னு,” என்றார்.

அன்று சாயங்காலம் சிவகுருநாதன் கிள்ளானுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் குணபூசணியைச் சந்தித்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே பாசாருக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினாள்.

“நெசமாவே அசையுதா அது?” என்று கேட்டாள்.

“அசையலன்னா நீயும் நானும் இப்ப மூச்சுவிட்டு நடக்க முடியாது.”

“அப்ப அசையாதுன்னு வாசிச்சா நின்னுடுமா?”

“நிக்காது.”

“அப்ப அதுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. உங்களுக்குத்தான்.” கத்தரிக்காயைப் பையில் போட்டாள். “வாசிக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வாசிங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அப்பாவுக்காக வாசிச்சேன்னு நாளைக்கு என்கிட்ட சொல்லக் கூடாது.”

விழாவுக்கு முந்தின இரவு முழுக்க அவன் புரண்டான். காலையில் எழுந்து நல்ல சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணை இழந்துவிடுவோமோ என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

விழா முன்கூடத்தில் நடந்தது. புரதத்தின் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றிவிட்டு மல்லிகை மாலை சாத்தியிருந்தார்கள். டத்தோ சரியான நேரத்துக்கு வந்துவிட்டதால் எல்லாருக்கும் குழப்பம். முன்வரிசையில், இயக்குநரின் சிறப்பு அழைப்பில், கந்தப்புவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கந்தப்பு ஸ்டேஷன் மாஸ்டர் காலத்துக் கோட்டு போட்டிருந்தார். அந்தக் குளிருக்கு அது ஒன்றுதான் பொருத்தமான உடை.

சிவகுருநாதன் மைக் முன்னால் போய், மயோகுளோபின் புரதம் அசையாது என்றும், இதற்கு முன்பு எப்போதாவது அசைந்திருந்தால் அது புரதத்தின் தனிப்பட்ட நடவடிக்கை என்றும், கழகம் அதற்குப் பொறுப்பல்ல என்றும் வாசித்தான். தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. குணபூசணி எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவனுக்குத் தைரியமில்லை. கைதட்டினார்கள்.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நம் விழாக்களில் ஒரு பெரிய மனிதர் வந்தால் அவர் கையால் எதையாவது வெட்டவோ ஏற்றவோ அழுத்தவோ வைத்துத்தானே அனுப்ப வேண்டும். இயக்குநர் ஒரு புதுமை யோசித்திருந்தார். இரண்டு பிங்பாங் பந்துகளை ஒட்டிச் சிவப்புச் சாயம் பூசி, ஆக்சிஜன் என்று பெயர் வைத்து, வெள்ளித் தட்டில் கொண்டுவரச் சொன்னார். டத்தோ அதை எடுத்துப் புரதத்தின் நடுக்குழியில் வைக்க வேண்டும். ஒத்திகை பார்க்கவில்லை. ஒத்திகை பார்க்கக் காட்சிப்பொருளைத் தொட வேண்டும், தொட அனுமதி வாங்க வேண்டும், அனுமதி கேட்ட கடிதம் இன்னும் சின்னையாவின் குல்லாவைத் தாண்டவில்லை.

டத்தோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்தார். வழியில்லை. பக்கவாட்டில் பார்த்தார். பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தும் ஒரு சந்து அகப்படவில்லை. பொறுமையான மனிதர். “எங்கே ஐயா வாசல்?” என்று கேட்டுவிட்டு, நீங்களே வையுங்கள் என்று ஆக்சிஜனை இயக்குநரிடம் கொடுத்தார்.

டாக்டர் சீவரத்தினம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலத்தைப் பிரயோகித்தார். ஆக்சிஜனை வலது உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, இரண்டு சுருள்களுக்கு நடுவே கையை நுழைத்து, உடம்பின் முழுக் கனத்தையும் சாய்த்தார். கம்பிகள் கிரீச்சென்று சற்றே விலகின. கை முழங்கை வரை உள்ளே போனது. பிறகு கம்பிகள் பழைய இடத்துக்கே வந்து பூட்டிக்கொண்டன. மேருப் பட்டறைக்காரரின் வேலை சுத்தம்.

“வைத்தாயிற்று,” என்றார் இயக்குநர். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை, தட்ட முடியாது.

கொஞ்ச நேரம் புரதத்தை அணைத்துக்கொண்டு நிற்பவர் மாதிரி புன்னகையோடு நின்றார். போட்டோக்காரர் ஆறேழு படம் எடுத்தார். அதன்பிறகும் இயக்குநர் அதே இடத்தில் நின்றதால் சந்தேகம் எழுந்தது. இரண்டு அதிகாரிகள் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். இராஜம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். எண்ணெய் சட்டையில் இறங்கியதே தவிர கை இறங்கவில்லை. கம்பியை அறுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அரசாங்கச் சொத்தை அறுக்க விதியில்லை என்றார் சின்னையா. கையைப் பற்றி விதி என்ன சொல்கிறது என்று டத்தோ கேட்டதும், பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

இயக்குநரின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை முத்து முத்தாக நின்றது. சிவகுருநாதனைக் கண்ணால் கூப்பிட்டார். பொது இடம்தான், ஆனாலும் தமிழ்.

“தம்பி, இதை எப்படியாச்சும் கொஞ்சம் அசைங்க.”

சிவகுருநாதன் சுருள்களை உற்றுப் பார்த்தான். எந்த இரண்டைப் பிடித்து எதிரும்புதிருமாகக் குலுக்கினால் நடுவே வழி விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், மூன்று வருஷம் இங்கிலாந்தில் அதைத்தானே கணக்குப் போட்டான். கையைத் தூக்கினான். அப்போதுதான் முன்வரிசையில் குணபூசணி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். தூக்கிய கையை இறக்கிக்கொண்டான்.

“இது அசையாதுன்னு இப்பத்தான் சார் வாசிச்சேன்,” என்றான்.

இயக்குநர் மாட்டிய கையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“அது... கொள்கை அளவுல,” என்றார் இயக்குநர்.

“கொள்கையை மாத்தினா குலுக்கறேன் சார்.”

கொள்கையை மாற்றக் குழு கூட வேண்டும் என்று சின்னையா நினைவூட்டினார். தலைவர் வர முடியாத நிலையில் இருப்பதால் குழு தலைவரிடம் வந்தது. நாற்காலிகளைப் புரதத்தைச் சுற்றிப் போட்டார்கள். டத்தோவுக்கு வடையும் காப்பியும் கொடுத்தார்கள். சென்ற கூட்ட நடவடிக்கைகளை முழுவதும் வாசித்துத்தான் அடுத்த பொருளுக்குப் போகலாம் என்று சின்னையா வாசிக்க ஆரம்பித்தார். வலது கை மரத்துக்கொண்டு வருவதாக இயக்குநர் முனகியதும் குறிப்பில் சேர்க்கப்பட்டது. ‘மயோகுளோபின் அசையலாம்’ என்ற தீர்மானத்தைத் தலைவரே கொண்டுவந்தார், தலைவரே வழிமொழிந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது அவர் இடது கையைத் தூக்கினார். இடது கை செல்லுமா என்று சின்னையா சந்தேகம் கிளப்பினார். வடையை மென்றுகொண்டே டத்தோ செல்லும் என்றார்.

சிவகுருநாதன் மேல் சுருளில் ஒரு கையும் கீழ்ச் சுருளில் ஒரு கையும் வைத்து, மினி பஸ் குலுங்குவதுபோல் சின்னச் சின்னதாகக் குலுக்கினான். மரக்குண்டுகள் கடகடவென்று ஆடின, மல்லிகை உதிர்ந்தது. ஒரு கணம் சந்து திறந்தது. கை வெளியே வந்தது. சந்து மூடிக்கொண்டது. சிவப்பு ஆக்சிஜன் குழிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

டத்தோ எழுந்து நின்று கைதட்டினார். எத்தனையோ விளக்கக்காட்சிகள் பார்த்திருக்கிறாராம், ஒரு விஷயத்தைப் புரியவைக்க இயக்குநரே கையைக் கொடுத்ததை இங்கேதான் பார்க்கிறாராம். ஆக்சிஜன் எப்படிப் போகிறது என்பது தமக்கே இப்போதுதான் விளங்கியதாம். டாக்டர் சீவரத்தினம் வீங்கிய கையைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டு, தாம் வெகுகாலமாக வலியுறுத்திவரும் கருத்து இதுதான் என்று பணிவாக ஒப்புக்கொண்டார்.

லெட்டர் அன்றைக்கு வரவில்லை. சிவகுருநாதன் வரும் என்று எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் அடுத்த மாதம் வந்தது. டத்தோவுக்கு அந்தக் குலுக்கல் பிடித்துப்போய்விட்டதாம். புதிதாகத் தொடங்கிய அசைவுப் பிரிவின் நிரந்தர அலுவலர், பென்ஷன் உண்டு. கந்தப்பு லெட்டரை இரண்டு தடவை வாசித்து, வெளிச்சத்தில் பிடித்து அரசாங்க முத்திரையைப் பார்த்து, பஞ்சாங்கத்தை எடுத்தார். ஏர்கண்டிஷன் அணைக்கப்பட்டது. ஜனங்கள் கேண்டீனுக்குப் போவதை நிறுத்திக்கொண்டு அவரவர் மாடியில் மறுபடி நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

கல்யாணப் பத்திரிகையை இயக்குநருக்குக் கொடுக்க இருவரும் ஒரு காலையில் கழகத்துக்கு வந்தார்கள். முன்கூடத்தில் புதுப் பளிங்குக் கல். ‘இப்புரதம் அசையும்.’ அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘அசைக்காதீர்கள்.’ மாதிரியையும் திருத்தியிருந்தார்கள். இனி எந்த இயக்குநரின் கையும் மாட்டக் கூடாது என்று மேருப் பட்டறைக்காரரை வரவழைத்து, சுருள்களை நன்றாக அகட்டி, திறந்த வாக்கிலேயே வெல்டிங் வைத்துவிட்டார்கள்.

குணபூசணி அருகே போய்ப் பார்த்தாள். ரோட்டில் ஒரு லோரி போனது, தரை லேசாக அதிர்ந்தது. ஆக்சிஜன் குழியிலிருந்து கழன்று, அகலமான வாசல் வழியாக வெளியே விழுந்து, அவள் செருப்பில் முட்டி நின்றது.

“அப்ப உள்ள விடாம இருந்துச்சு. இப்ப பிடிச்சு வச்சுக்க மாட்டேங்குது. என்னா ஆச்சு இதுக்கு?” என்று கேட்டாள்.

சிவகுருநாதன் குனிந்து ஆக்சிஜனை எடுத்தான். விழும்போதெல்லாம் எடுத்து வைப்பது அசைவுப் பிரிவின் முதல் பொறுப்பு. கைக்குட்டையால் துடைத்துக் குழியில் திரும்ப வைத்தான். வைக்கிறபோதே அது மறுபடி நழுவப் பார்த்தது.

“கன்பர்ம் ஆயிடுச்சு,” என்றான்.